சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்னக் கிளாஸ் கசப்பு

கல்யாண மண்டப வாசலில் கையில் திணிக்கிறார்களே, அந்த வெல்கம் டிரிங்க் மீது எனக்கு ரொம்ப நாளாக ஒரு வருத்தம் உண்டு. ரோஸ் மில்க், பிஸ்தா மில்க், பச்சைக் கலரில் ஏதோ ஒரு ஜூஸ். எல்லாம் திகட்டுகிற இனிப்பு. அதைக் குடித்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் விழுகிற எதன் மீதும் ஆசை வராது. வீட்டு விருந்திலும் இதே கதைதான். வந்தவர்களுக்கு கோலா ஊற்றிக் கொடுப்போம். முந்நூறு மில்லி கோலாவில் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அது வயிற்றில் போய் உட்கார்ந்த பிறகு யார் சோற்றைப் பார்ப்பார்கள்?

சாப்பாட்டுக்கு முன் குடிக்கிற பானம் பசியைக் கிளப்ப வேண்டும். அதற்கு அது கொஞ்சமாக இருக்க வேண்டும், குளிர்ந்திருக்க வேண்டும், புளிப்பும் கசப்பும் முன்னால் நிற்க வேண்டும், இனிப்பு பின்னால் போக வேண்டும். இத்தாலிக்காரர்கள் இதை ஒரு சாயங்கால வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். மிலான், டூரின் பக்கம் வேலை முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிளாஸ், கூட ஆலிவ், கடலை, சிப்ஸ். அபெரிடிவோ என்பார்கள், பிரெஞ்சுக்காரர்களுக்கு அபெரிடிஃப். பெரும்பாலும் மதுதான். டூரினில் 1786இல் கார்பானோ விற்கத் தொடங்கிய வெர்முத், 1860இல் பிறந்த கம்பாரி, 1919இல் படுவாவில் வந்த அபெரோல் எல்லாம் இந்த வரிசை. ஆனால் 1960களிலேயே அங்கே மது இல்லாத அபெரிடிவோவும் வந்துவிட்டது. சிவப்பாக சான்பிட்டேர், ஆரஞ்சு நிறத்தில் க்ரோடினோ. இரண்டுமே நூறு மில்லி பாட்டில். எனக்கு அந்த நூறு மில்லிதான் கண்ணில் பட்டது. இதற்கு மேல் வேண்டாம் என்று பாட்டிலே சொல்லிவிடுகிறது.

எங்கள் வீட்டில் அவ்வப்போது சொந்தமும் நட்புமாகப் பத்துப் பேர் சாப்பிட வருவார்கள். கோயம்புத்தூர் வீடு, வீட்டில் மது கிடையாது. மாமனாருக்குச் சர்க்கரை உண்டு. குழந்தைகள் உண்டு. குடியை விட்டுவிட்ட நண்பர் ஒருவர் உண்டு. இத்தனை பேருக்கும் பொதுவாக, கசப்புள்ள, மது சொட்டும் இல்லாத ஒரு பானத்தை நம் கடைகளில் கிடைக்கிற பொருளை வைத்தே செய்துவிட வேண்டும் என்று இறங்கினேன். அதன் பதிவு இது.

முதலில் கடையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தேன். இறக்குமதி பாட்டில்கள் உண்டு. ஆல்கஹால் இல்லாத ஜின், ஆல்கஹால் இல்லாத கம்பாரி மாதிரி என்றெல்லாம் இணையக் கடைகளில் வருகின்றன. இங்கிலாந்தில் 2015இல் சீட்லிப் என்ற மது இல்லாத பானம் வந்த பிறகு இந்த வகை உலகெங்கும் பெருகியது. விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினேன். வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தாலும் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று லேபிள் ஒட்டலாம். 0.0 என்று போட்டிருப்பது வேறு. மத நம்பிக்கையாலோ மருந்தினாலோ குடியை விட்டதாலோ தவிர்ப்பவர்களுக்கு இந்தச் சின்ன எண் பெரிய விஷயம்.

அதே போல பிட்டர்ஸ், சொட்டுக் கணக்கில் விடுகிற கசப்புச் சாறு. வெளிநாட்டு ‘மாக்டெயில்’ குறிப்புகளில் பாதியில் அங்கஸ்துரா பிட்டர்ஸ் இரண்டு சொட்டு என்று இருக்கும். அந்தப் பாட்டிலில் 44.7 சதவீதம் ஆல்கஹால். சொட்டுக் கணக்கில் பெரிதாக ஒன்றும் சேராது, நிஜம்தான். ஆனாலும் ‘இதில் மது இல்லை’ என்று சொல்லிக் கொடுக்கும் கிளாஸில் அதை விட எனக்கு மனம் வரவில்லை. ஜென்ஷியன் என்ற செடியின் வேர்தான் ஐரோப்பியக் கசப்புப் பானங்கள் பலவற்றுக்கு அடிப்படை. ஹோமியோபதிக் கடையில் அதன் தாய்த் திரவம் கிடைக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அதுவும் ஆல்கஹாலில் ஊறியதுதான். கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

சுலபமான வழி டானிக் வாட்டர் என்கிற கசப்புச் சோடா. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வரும் குயினைன்தான் அதன் கசப்பு. இங்கிலாந்தில் 1858இல் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் காப்புரிமை வாங்கிய பானம். இந்தக் கசப்புக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. மலேரியா மருந்துக்காக 1860களில் கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயரின் முயற்சியில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனாவை நீலகிரியில்தான் நட்டார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் இருந்தன, நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையே நடந்தது. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்ற பெயரிலேயே ஓர் ஊர் இன்னும் இருக்கிறது. இன்றைய டானிக்கில் குயினைன் ரொம்பக் குறைவு. அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கு 83 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. இருந்தாலும் கர்ப்பிணிகளும் இதயத் துடிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் தவிர்ப்பது நல்லது. ரூபாய் நோட்டைச் சோதிக்கிற புற ஊதா விளக்கில் டானிக் பாட்டிலைக் காட்டிப் பாருங்கள், நீலமாக ஒளிரும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது, பானம் இல்லை.

டானிக்கோடு எலுமிச்சை பிழிந்து ஐஸ் போட்டால் அபெரிடிஃப் ஆகிவிடும். அவசரத்துக்கு இது போதும். ஆனால் சாதாரண டானிக்கில் சர்க்கரை கிட்டத்தட்ட கோலா அளவுக்கு இருக்கிறது. லேபிளைத் திருப்பிப் பாருங்கள். நான் இதைப் பாதி டானிக், பாதி வெறும் சோடா என்று கலந்து தருகிறேன். கசப்பும் பாதியாகும், அதுதான் குறை.

சரி, சொந்தமாகச் செய்வோம். இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அந்த மதுப் பாட்டில்களில் ஆல்கஹால் என்ன வேலை செய்கிறது என்பது. போதையை விட்டுவிடுங்கள். மூன்று வேலை செய்கிறது. தோலிலும் வேரிலும் இருக்கிற வாசனை எண்ணெயை இழுத்துக் கரைக்கிறது. தண்ணீரில் அந்த எண்ணெய் கரையாது. நாக்கில் பானத்துக்கு ஒரு கனம் கொடுக்கிறது. தொண்டையில் இறங்கும்போது சுள்ளென்று ஒரு சூடு தருகிறது. ஆல்கஹாலை எடுத்துவிட்டு மூலிகையைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் இந்த மூன்றும் போய், மிஞ்சுவது கசாயம். மது இல்லாத அபெரிடிஃப் சப்பென்று இருக்கிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூன்றுக்கும் தனித்தனியாக மாற்று தேடினேன்.

வாசனைக்கு நார்த்தங்காய். நல்ல கனமான, தோல் சுருங்காத பச்சைக் காய் இரண்டு. கழுவித் துடைத்து, காய்கறி சீவும் பீலரால் மேல் தோலை மட்டும் நீள நீளமாக எடுக்க வேண்டும். பச்சைக்கு அடியில் வெள்ளை கொஞ்சம் கூட வந்தால் பரவாயில்லை, கனமாக வர வேண்டாம். இரண்டு காயில் எனக்கு அறுபது கிராம் அளவுக்குத் தோல் கிடைத்தது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அதைப் போட்டு, இரண்டு மடங்கு, அதாவது 120 கிராம் சர்க்கரை சேர்த்து, பருப்பு மத்தின் அடியால் நசுக்க வேண்டும். இடிக்கக் கூடாது, அழுத்தித் தேய்த்தால் போதும். இரண்டு நிமிஷத்தில் சர்க்கரை லேசாக ஈரமாகி இளம் பச்சையாகும். அப்போது வீடு முழுக்க நார்த்தை வாசனை. மூடி இரவு முழுக்க வைத்துவிட்டால் காலையில் தோல் துவண்டு சுருங்கியிருக்கும். அடியில் பாகு மாதிரி பளபளப்பாக ஒரு திரவம் நிற்கும். சர்க்கரை தோலிலிருக்கிற நீரையும் எண்ணெயையும் சேர்த்து வெளியே இழுத்துவிடுகிறது. நெருப்பே வேண்டாம். ‘பஞ்ச்’ என்ற கலவைப் பானம் செய்த பழைய ஐரோப்பியர்கள் எலுமிச்சைத் தோலில் இதைத்தான் செய்தார்கள். அந்தத் திரவத்தை விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். எலுமிச்சை எசென்ஸ் பாட்டில் எதுவும் அதன் கிட்டே வராது.

நார்த்தை கிடைக்காத நேரத்தில் நல்ல எலுமிச்சைத் தோல் பாதியும் ஆரஞ்சுத் தோல் பாதியும் போடலாம். மெழுகு பூசிய இறக்குமதி ஆரஞ்சு வேண்டாம். அதன் தோலில் என்ன அடித்திருக்கிறார்களோ.

அடுத்து கசப்பு. இதில்தான் நிறைய நேரம் போனது. நாட்டு மருந்துக் கடையில் நின்றால் கசப்புக்கு என்ன பஞ்சம்? நிலவேம்பு, சீந்தில், கடுகுரோகணி என்று வரிசையாக இருக்கிறது. நிலவேம்பை ஒரு சிட்டிகை ஊற வைத்துப் பார்த்தேன். கசப்பு வருகிறது, ஆனால் போவதில்லை. அடுத்து எதைத் தின்றாலும் அதன் மேல் ஏறி நிற்கிறது. பசி கிளப்புகிற கசப்பு நாக்கில் வந்து, எச்சில் ஊற வைத்துவிட்டு, விலகிவிட வேண்டும். அதோடு நிலவேம்பெல்லாம் மருந்துச் சரக்கு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சொல்லாமல் அதைப் பானத்தில் கலப்பது சரியில்லை. வெந்தயம் ஊற வைத்த தண்ணீர் கசப்பில் மென்மை. வாசனைதான் சிக்கல், மறுநாள் வியர்வையிலும் அது வரும். கிளாஸைக் கையில் எடுத்ததும் ஊறுகாய் ஞாபகம் வந்தால் வேலைக்கு ஆகாது.

வேப்பம்பூ எனக்குப் பிடித்திருந்தது. சித்திரையில் காய வைத்து எடுத்த பூவை எண்ணெய் இல்லாமல் வாணலியில் லேசாக வறுத்து, வெந்நீரில் சில நிமிஷம் வைத்து வடிகட்டினால் மெல்லிய கசப்பும் ஒரு தேன் மணமும் வரும். வருஷப் பிறப்புப் பச்சடியில் புளிப்போடும் வெல்லத்தோடும் வேப்பம்பூவைச் சேர்ப்பது சும்மா இல்லை, அந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும். ஆனால் நல்ல பூ எப்போதும் கிடைக்காது. எனக்கு நிலையான ஒன்று வேண்டியிருந்தது.

அது காபிக் கொட்டை அரைக்கிற கடையில் இருந்தது. சிக்கரி. எண்பது இருபது, எழுபது முப்பது என்று காபித் தூளில் கலந்து வாங்குவோமே, அதே வறுத்த சிக்கரித் தூளை மட்டும் நூறு கிராம் கேட்டேன். கடைக்காரர், ‘வெறும் சிக்கரியா, காபி வேண்டாமா?’ என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். வறுத்த வேர் அது. காபியின் கசப்பு உண்டு, கஃபீன் இல்லை. ராத்திரி எட்டு மணிக்குக் கொடுத்தாலும் யாருக்கும் தூக்கம் கெடாது. கொஞ்சம் கருகிய சர்க்கரை மணம் வரும், பானத்துக்கு அழகான செம்பழுப்பு நிறமும் வரும். சிக்கரி மட்டும் போட்டால் கசப்பு தட்டையாக இருக்கிறது. அதோடு நார்த்தையின் வெள்ளைத் தோல் சேர்ந்தால்தான் ஆழம் வருகிறது. பம்பளிமாஸ் கிடைத்தால் அதன் வெள்ளைப் பஞ்சு இன்னும் நல்லது. நரிஞ்சின் என்ற கசப்புப் பொருள் அதில் நிறைய உண்டு. சுளையைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப் போடுகிற பாகம்.

எனவே கசப்புத் தண்ணீர் இப்படி வந்து நின்றது. அரை லிட்டர் தண்ணீரில் நார்த்தையின் வெள்ளைப் பாகம் ஒரு கைப்பிடி, கொத்தமல்லி விதை ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் இரண்டு தட்டியது, கிராம்பு இரண்டு, மிளகு பத்து நசுக்கியது. மெல்லிய தீயில் பத்து நிமிஷம். அடுப்பை அணைத்துவிட்டு அரைத் தேக்கரண்டி சிக்கரியும், விரல் நீளத்துக்கு இஞ்சி துருவியதும், தேயிலை ஒரு தேக்கரண்டியும் போட்டு மூடி ஐந்து நிமிஷம். தேயிலை வேண்டுமென்றேதான், அதன் துவர்ப்புதான் ஆல்கஹால் கொடுக்கிற கனத்தில் ஒரு பங்கை ஈடு கட்டுகிறது. கஃபீன் வேண்டாதவர்கள் தேயிலைக்குப் பதில் நெல்லிக்காய் வற்றல் இரண்டு துண்டு போடலாம், துவர்ப்பு அதிலும் உண்டு. மிளகும் இஞ்சியும் தொண்டைச் சூட்டுக்கு. பிறகு மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கும். முந்நூறு மில்லிக்குக் குறையாமல் கிடைக்கும். சரியாக 300 மில்லி அளந்துகொள்ளுங்கள்.

அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே நார்த்தைத் தோல் கிடக்கும் சர்க்கரையில் ஊற்றிக் கலக்க வேண்டும். சர்க்கரை முழுக்கக் கரைந்ததும் தோலை எடுத்துவிட்டு மறுபடி வடிகட்டினால் சுமார் 375 மில்லி வரும். இதுதான் அடிப்படைப் பாகு. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். சர்பத் பாகு மாதிரி சர்க்கரை அடர்த்தி இதில் இல்லை, வெளியில் வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும். புளித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, எதைத் தவிர்க்கக் கிளம்பினோமோ அதுவே உள்ளே உருவாகும்.

கனத்துக்கு இன்னொன்றும் சேர்க்கிறேன்: கருவேலம் பிசின். நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கும். ஐந்து கிராமை இடித்து ஐம்பது மில்லி தண்ணீரில் இரவு ஊற வைத்தால் கரைந்துவிடும், வடிகட்டிப் பாகில் விடலாம். பாதாம் பிசின் வேண்டாம். அது கரையாது, ஜிகர்தண்டா மாதிரி ஜெல்லியாக உப்பி நிற்கும். பிசின் போட்ட பானமும் போடாததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால்தான் வித்தியாசம் தெரியும். போட்டது நாக்கில் பட்டுத் துணி போல வழுக்கிப் போகிறது. சோடா நுரையும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறது. இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், பானம் கெட்டுவிடாது.

நிறம் சிவப்பாக வேண்டும் என்று என் மகளுக்கு ஆசை. கம்பாரியின் சிவப்பு பூச்சியிலிருந்து எடுத்த சாயமாக இருந்த காலம் உண்டு. நாங்கள் வாசலில் பூத்த ஒற்றை அடுக்குச் செம்பருத்தியில் இறங்கினோம். நாலு பூவின் இதழை மட்டும் வெந்நீரில் போட்டால் தண்ணீர் ஊதாவாகும். அதில் எலுமிச்சை ஒரு சொட்டு விழுந்ததும் அந்த இடத்திலிருந்து சிவப்பு பரவும். அவளே கிளாஸ் கிளாஸாகச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். சுவை பெரிதாக ஒன்றும் வராது, நிறம்தான். பீட்ரூட்டும் நிறம் தரும், ஆனால் மண் வாசனையைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும்.

இப்போது கிளாஸில் கலப்பது. பாகு 30 மில்லி, எலுமிச்சைச் சாறு 10 மில்லி, உப்புத் தண்ணீர் மூன்று சொட்டு, குளிர்ந்த வெறும் சோடா 90 மில்லி. உப்புத் தண்ணீர் என்றால் ஐந்து கிராம் உப்பை இருபது மில்லி வெந்நீரில் கரைத்தது. உப்பு சுவை தெரியவே கூடாது. அது கசப்பின் கூரைக் கொஞ்சம் மழுக்கிவிட்டு நார்த்தை வாசனையை முன்னால் தள்ளுகிறது. ஒரு கிளாஸில் உப்பு இல்லாமல், இன்னொன்றில் மூன்று சொட்டோடு என்று வைத்து மனைவியிடம் கொடுத்தேன். உப்பு விட்டதைக் குடித்துவிட்டு, ‘இதில் சர்க்கரை ஜாஸ்தியா?’ என்றாள். சர்க்கரை இரண்டிலும் ஒன்றுதான்.

எலுமிச்சையைக் கலக்கிற நேரத்தில்தான் பிழிய வேண்டும். பிழிந்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும், அது நாம் தேடுகிற கசப்பு இல்லை.

ஒரு கிளாஸில் சர்க்கரை பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது இரண்டு தேக்கரண்டி. மாமனாருக்குப் பாகை 20 மில்லியாகக் குறைத்துச் சோடாவைக் கூட்டினேன், ஆறு கிராம் சொச்சம் ஆகிவிடும். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, ‘என்னங்க மாப்ள, சாப்பாட்டுக்கு முன்னாடியே கசாயமுங்களா?’ என்றார். ‘இல்லீங்க மாமா, பசிக்குதான்னு பாருங்க’ என்றேன். பதில் சொல்லவில்லை. கிளாஸைக் கீழே வைக்கவும் இல்லை. ‘வெளிய எங்காச்சும் இப்படிக் குடுத்தா காசு கேப்பானுங்க’ என்று அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதைப் பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை. பானத்தின் பெரும்பங்கு அதுதான், ஆனால் அதற்குத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை. அறை வெப்பத்தில் இருக்கிற சோடாவைத் திறந்து ஐஸ் மேல் ஊற்றினால் வாயு பாதி அப்போதே பறந்துவிடும். பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் தண்ணீர் பிடித்துவைக்கிற கரியமில வாயு, இருபது டிகிரியில் பிடிப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் முதல் நாள் இரவே சோடாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பெரிய பாட்டில் வாங்காதீர்கள், மூடியைத் திறந்து திறந்து மூடினால் கடைசி ஆளுக்கு வெறும் தண்ணீர்தான். சின்ன பாட்டில்களாக வாங்கி, ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைத் திறக்க வேண்டும். கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஊற்றி, நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிட்டால் போதும். மோர் கடைகிற மாதிரி சுற்றினால் நுரைதான் பொங்கும். எங்கள் பக்கம் இன்னும் கோலி சோடா கிடைக்கிறது. உப்பு, எலுமிச்சை போடாத வெறும் கோலி சோடாவின் காரம் பிளாஸ்டிக் பாட்டிலில் இல்லை. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஐஸ் சின்னச் சின்னதாக இருந்தால் சீக்கிரம் உருகிப் பானத்தை நீர்த்துப்போக வைக்கும். சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, ஆளுக்கு ஒரு கட்டி போட்டேன். மூடி வைத்து உறைய விடுங்கள். ஃப்ரீசரில் பக்கத்தில் மீன் இருந்தால் ஐஸிலும் மீன் இருக்கும்.

கிளாஸ் 150 மில்லிக்குச் சற்று மேல் கொள்ளளவு இருந்தால் போதும். பெரிய கிளாஸில் கொடுத்தால் பாதி வெறுமையாகத் தெரியும், ஊற்றுகிறவருக்கே கை நிற்காது. எவர்சில்வர் டம்ளர் குளிர்ச்சிக்கு நல்லது, ஆனால் அந்தச் செம்பழுப்பு நிறம் வெளியே தெரியாது; எனக்கு அதில் சம்மதமில்லை. மேலே நார்த்தைத் தோல் ஒரு துண்டை, பச்சைப் பக்கம் கீழே பார்க்க வைத்து, கிளாஸ் மேல் பிடித்து மடக்கிக் கிள்ளினால் எண்ணெய் புகை போலச் சிதறி விழும். குடிப்பதற்கு முன் மூக்குக்குப் போவது அதுதான். தண்ணீரில் கரையாத எண்ணெய் என்று முன்னால் சொன்னேனே, இங்கே அதுவே உதவி. மேலேயே மிதந்து நிற்கிறது.

எப்போது கொடுப்பது என்பதிலும் ஒரு கணக்கு வேண்டும். எல்லோரும் வந்து சேர்ந்து, சாப்பாடு இன்னும் இருபது முப்பது நிமிஷத்தில் என்கிற நேரம் சரி. ஒருவருக்கு ஒரு கிளாஸ். இரண்டாவது கேட்பார்கள், சாப்பிட்ட பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். கூட வைக்கிறது உப்பாக, மொறுமொறுப்பாக, கொஞ்சமாக இருக்கட்டும். வறுத்த வேர்க்கடலை, மிளகுத் தட்டையை உடைத்தது, உப்பும் மிளகாய்த் தூளும் தூவிய மாங்காய்த் துண்டு. பஜ்ஜி, போண்டா போட்டால் அது டிபன் ஆகிவிடும். அப்புறம் இத்தனை வேலைக்கும் அர்த்தமில்லை.

குடியை விட்ட நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு இதைக் கொடுப்பதற்கு முன் சமையலறைக்குக் கூப்பிட்டு என்னென்ன போட்டிருக்கிறேன் என்று காட்டினேன். கசப்பு, சிவப்பு, ஐஸ், கண்ணாடிக் கிளாஸ் என்று எல்லாம் சேர்ந்து பழைய ஞாபகத்தைக் கிளப்பும் என்றால் சிலருக்கு அது நல்லதில்லை. மது இல்லை என்பது மட்டும் போதாது. அவர் பார்த்துவிட்டு, ‘எனக்கு வேற குடு’ என்றார். அதனால் ஒவ்வொரு விருந்துக்கும் இதோடு மதுவின் சாயலே இல்லாத ஒன்றையும் தயாராக வைத்துவிடுகிறேன். யார் எதை எடுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, இரண்டும் ஒரே தட்டில் போகும்.

அந்த இன்னொன்று பெரும்பாலும் பானகம்தான், ஆனால் ராமநவமிக்குச் செய்கிற இனிப்பில் இல்லை. வெல்லத்தைப் பாதியாகக் குறைத்து, எலுமிச்சையை இரட்டிப்பாக்கி, சுக்குத் தூளும் கல் உப்பும் கூட்டி, துளசி ஒரு இலை. நூறு மில்லி அளவு, ஐஸ் குளிர்ச்சியில். குழந்தைகளும் இதைத்தான் எடுக்கிறார்கள். மழைக் காலமாக இருந்தால் குளிர் பானமே வேண்டாம், சின்னக் கப்பில் தெளிந்த மிளகு ரசம் ஊற்றிக் கொடுத்துவிடுவேன். பருப்புத் தண்ணீர் சேர்க்காத ரசமாக இருக்க வேண்டும். சேர்த்தால் கனமாகி, பசியைத் தானே கொஞ்சம் தின்றுவிடும். புளிப்பு, காரம், உப்பு, வாசனை, சின்ன அளவு, இனிப்பே இல்லை. இத்தாலிக்காரர் ஒருவரிடம் கொடுத்தால் சூடாக ஒரு அபெரிடிவோ என்று ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

நன்னாரி சர்பத்தையும் முயன்றேன். கடைப் பாகில் இனிப்பு ரொம்ப அதிகம். பதினைந்து மில்லி பாகுக்கு முழு எலுமிச்சை பிழிந்து சோடா விட்டால் ஓரளவு சமமாகிறது. ஆனாலும் வெயிலில் அலைந்து வந்தவருக்குத் தருகிற பானம் அது, பந்திக்கு முன் தருகிறது இல்லை. நீர் மோரும் அப்படியே. குடித்தால் வயிறு குளிர்ந்து அடங்கிவிடும்.

மாங்காய்க் காலத்தில் வினிகரில் ஒன்று செய்யலாம். புளிப்பான பச்சை மாங்காய்த் துருவல், சர்க்கரை, இயற்கை வினிகர் மூன்றும் சம எடை. மாங்காயும் சர்க்கரையும் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் ஊறட்டும். பிறகு வடிகட்டி வினிகரைச் சேர்க்க வேண்டும். இருபது மில்லிக்குச் சோடா நூறு. வினிகரின் குத்தல்தான் இங்கே மதுவின் சூட்டுக்கு மாற்று. செயற்கை வினிகர் என்று எழுதியிருக்கிற பாட்டிலை எடுத்துவிடாதீர்கள், அது வெறும் அசிட்டிக் அமிலமும் தண்ணீரும், ஆய்வகம் மணக்கும்.

சர்க்கரையில் ஊறிய நார்த்தைத் தோல் மீந்து போகும், அதைத் தூக்கிப் போட வேண்டாம். பொடியாக நறுக்கி வெயிலில் இரண்டு நாள் காய வைத்தால் கசப்பும் இனிப்புமாக ஒரு மிட்டாய். கேக்கில் போடலாம், தயிர் சாதத்தோடும் போகிறது. எங்கள் வீட்டில் இப்போது பானத்தைவிட அதற்குத்தான் கேள்வி அதிகம், தோலுக்காகவே பாகு போடச் சொல்கிறார்கள்.

கடைசிக் கணக்கு: மேலே சொன்ன அளவுக்குப் பன்னிரண்டு கிளாஸ் வரும். பத்துப் பேருக்குத் தாராளம். நார்த்தை, சர்க்கரை, சாமான், சோடா எல்லாம் சேர்த்தாலும் இறக்குமதி பாட்டில் ஒன்றின் விலையில் ஒரு சிறு பங்குதான். இரண்டு நாள் முன்னால் பாகு போட்டு வைத்துவிட்டால் விருந்தன்று கிளாஸில் ஊற்றுகிற வேலை மட்டும்தான். அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம், எலுமிச்சை பிழிவதை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.